மெக்சிகோ லாங் டிஸ்டன்ஸ் பஸ் ரிவ்யூ: நியூஸ் பாத்துட்டு வரலாமா வேண்டாமான்னு கேக்குறவங்களுக்கு

போன மாசம் மட்டும் மூணு பேர் கேட்டுட்டாங்க, ஆபீஸ்ல மெக்சிகோவுக்கு அனுப்புறாங்க, குவாதலஹாரா போஸ்டிங், அங்க வீக்கெண்டுல ஊர் சுத்த முடியுமா, பஸ்ல ஏறலாமா, டிவில பாத்தா வயித்தக் கலக்குதேன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் போடுறதுக்கு ஒரே இடத்துல முழுசா எழுதிடுறேன். நான் பாளையங்கோட்டை, 2021 செப்டம்பர்லருந்து குவாதலஹாராவுல இருக்கேன், ஐடி வேலை, கார் கிடையாது, அதனால நாலு வருஷமா இந்த நாட்டுல எங்க போனாலும் பஸ்தான், பாதி தடவை தனியா.

முதல்ல எந்த பஸ்ஸப் பத்தி சொல்றேன்னு தெளிவா சொல்லிடணும். இங்க ட்ரெயின்ல ஊரு விட்டு ஊரு போற பழக்கமே பெருசா கிடையாது, நம்ம ஊர்ல ட்ரெயின் செய்யுற வேலைய இங்க 'பிரிமேரா க்ளாசே'ன்னு சொல்ற பர்ஸ்ட் க்ளாஸ் பஸ்தான் செய்யுது. எங்க பக்கம் ஈடிஎன், பிரிமேரா ப்ளூஸ் மாதிரி கம்பெனிங்க, தெக்கயும் கிழக்கயும் புவெப்லா, வெராக்ரூஸ், வஹாகா, யுகாத்தான் போகணும்னா ஏடிஓ, அத இங்க 'ஆ தெ ஓ'ன்னு சொன்னாதான் புரியும். இதுக்குக் கீழ செகண்ட் க்ளாஸ் பஸ் ஒண்ணு இருக்கு, கை காட்டுற இடத்துல எல்லாம் நின்னு ஆள் ஏத்திக்கிட்டுப் போகும், பக்கத்து ஊருக்குப் பகல்ல போறதுக்கு ஓகே, தூரமா போறதுக்கு நான் அதுல ஏற மாட்டேன். காரணம் பின்னாடி சொல்றேன்.

வசதின்னு பாத்தா சத்தியமா நம்ம ஆம்னி பஸ்ஸ விட ஒரு படி மேல. ஈடிஎன்ல சீட்டு ஒரு பக்கம் ரெண்டு, இன்னொரு பக்கம் ஒண்ணு, கிட்டத்தட்ட படுத்துக்கலாம், தனியா போற பொண்ணுங்களுக்கு அந்த ஒத்த சீட்டு பெரிய நிம்மதி, பக்கத்துல யாரு வந்து உக்காருவாங்கன்ற டென்ஷனே கிடையாது. உள்ளயே பாத்ரூம், போன் சார்ஜ் பண்ணிக்கலாம். குவாதலஹாராலருந்து மெக்சிகோ சிட்டி 540 கிமீ, ஏழு மணி நேரம் சுமாரா, டிக்கெட் 1,000 பெசோவ ஒட்டி வரும், நம்ம காசுக்கு 5,000 ரூபா கிட்ட. பஸ்ஸுக்கு அதிகம்தான். ஆனா அந்தக் காசு எதுக்குப் போகுதுன்னு புரிஞ்சதுக்கு அப்புறம் எனக்கு அது அதிகமா தெரியல.

எதுக்குன்னா, பெரும்பங்கு ரோட்டுக்கு.

இந்த நாட்டுல ஒரு ஊர்லருந்து இன்னொரு ஊருக்குப் பெரும்பாலும் ரெண்டு ரோடு இருக்கும். ஒண்ணு 'லிப்ரே', ப்ரீ ரோடு, ஊருக்குள்ள புகுந்து மலைல வளைஞ்சு போகும். இன்னொண்ணு 'குவோத்தா', டோல் ரோடு, வேலி போட்டு, டோல்கேட்டு டோல்கேட்டா நேராப் போகும். பர்ஸ்ட் க்ளாஸ் பஸ் போறது குவோத்தாவுல, ஏறின ஸ்டாண்டுலருந்து இறங்குற ஸ்டாண்டு வரைக்கும் நடுவுல யாரையும் ஏத்தாது, இல்ல ஒண்ணு ரெண்டு பெரிய ஸ்டாண்டுல மட்டும் நிக்கும். வழில ஆள் ஏத்துற பஸ்ல யாரு வேணா ஏறலாம், டிக்கெட் வாங்குன மாதிரியே ஏறி நடுக்காட்டுல கத்தியக் காட்டலாம், செகண்ட் க்ளாஸ்ல தூரமா போகாதன்னு இங்க உள்ளவங்களே சொல்றது இதனாலதான். பர்ஸ்ட் க்ளாஸ்ல ஏறும்போதே பேக்க செக் பண்ணுவாங்க, மெட்டல் டிடெக்டர் வச்சு ஒரு தடவ பாப்பாங்க, சில கம்பெனில எல்லார் மூஞ்சியையும் வீடியோ எடுப்பாங்க. முதல் தடவ எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு, இப்ப அது இல்லாம பஸ் கெளம்புனாதான் ஒரு மாதிரி இருக்கும்.

நான் வந்த புதுசுல என் வீட்டு ஓனரம்மா, எழுபது வயசு இருக்கும், நான் குவானஹுவாத்தோ போறேன்னு சொன்னதும் அந்த ஊரு நல்லதா கெட்டதான்னு ஒரு வார்த்த சொல்லல. அவங்க கேட்டது ரெண்டே கேள்வி, எத்தன மணிக்கு, எந்த ரோட்ல. 'தே தியா, போர் குவோத்தா', பகல்ல, டோல் ரோட்ல. அவ்வளவுதான். இந்த நாலு வருஷத்துல நான் படிச்ச எந்த சேப்டி கைடும் இத விட உபயோகமா இருந்ததில்ல. குவானஹுவாத்தோ மாநிலம் கொலை எண்ணிக்கைல நாட்டுலயே முதல் இடத்துல வர்ற மாநிலம், அதே மாநிலத்துலதான் குவானஹுவாத்தோ டவுன்ல 1972-லருந்து ஒவ்வொரு அக்டோபரும் செர்வான்தினோன்னு ஒரு கலைத் திருவிழா நடக்குது, ராத்திரி ஒரு மணிக்கும் சந்து பூரா குடும்பம் குடும்பமா பாட்டு கேட்டுக்கிட்டு இருப்பாங்க, நான் பாத்தேன். கொலையும் திருவிழாவும் ரெண்டும் ஒரே மாநிலம்தான், ரெண்டும் உண்மைதான்.

எங்கம்மாவுக்கு இது புரிய வருஷம் ஆச்சு. 2023 ஜனவரி 5, குலியாகான்ல ஒவிதியோ குஸ்மான அரெஸ்ட் பண்ணாங்க, போதைக் கும்பல் தலைவன் எல் சாப்போவோட பையன், அவன் ஆளுங்க ஊர் பூரா வண்டியக் கொளுத்தி ரோட்ட மறிச்சு, ஏர்போர்ட்ல கெளம்ப நின்ன ப்ளைட்டு மேலயே குண்டு பட்டுச்சு. நம்ம ஊரு டிவிலயும் அத திருப்பித் திருப்பிப் போட்டுருக்கான். அம்மா போன் பண்ணி அழுகை, "ஏட்டி, டிவில காட்டுதானே அது நீ இருக்க ஊருதானே, பொழுது விடிஞ்சதும் கெளம்பி வந்துரு, வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்"னு. நான் சொன்னேன், "அம்மா, குலியாகான் எங்க ஊருலருந்து 700 கிலோமீட்டர், நம்ம பாளையங்கோட்டைல இருந்து சென்னையத் தாண்டி இருக்கும்மா"ன்னு. அம்மா கொஞ்ச நேரம் பேசல, அப்புறம், "சென்னைல வெள்ளம் வந்தப்போ உங்க பெரியம்மா நமக்கு போன் பண்ணி தண்ணி வந்துட்டானு கேட்டாளே, அது மாதிரியா"ன்னு கேட்டாங்க. ஆமாம்மா அது மாதிரிதான்னேன்.

மெக்சிகோ சின்ன நாடு இல்ல, 2020 சென்சஸ்படி 12 கோடியே 60 லட்சம் பேர், தலைநகரையும் சேத்து 32 மாநிலம். 2018-லருந்து 2023 வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் 30,000 கொலைக்கு மேல நடந்துருக்கு, அத யாரும் மறைக்க முடியாது, நான் மறைக்கவும் வரல. ஆனா அது நாடு பூரா சமமா பரவிக் கெடக்கல. யுகாத்தான் மாநிலத்துல கொலை ரொம்ப ரொம்பக் குறைவு, அதோட தலைநகர் மெரிதாவுல ராத்திரி பதினொரு மணிக்குத் தெருவுல தனியா நடந்தேன், நெல்லை டவுன்ல கூட அப்படி நடந்தது கிடையாது.

இப்ப அமெரிக்கா அரசாங்கம் அவங்க ஆளுங்களுக்குப் போடுற ட்ராவல் அட்வைசரி, அதாவது பயண எச்சரிக்கை பத்தி. எல்லாரும் அந்தக் கலர் மேப்ப மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புறாங்க. 2018 ஜனவரிலருந்து அவங்க லெவல் 1-லருந்து 4 வரைக்கும் போடுறாங்க, 4னா போகவே போகாதன்னு அர்த்தம், மெக்சிகோவுக்கு மாநிலம் மாநிலமா தனித்தனியா போடுறாங்க. மிச்சோவாகான், சினலோவா, கொலீமா, கெர்ரெரோ, தமௌலீபாஸ் எல்லாம் ஆரம்பத்துலருந்தே 4. சரி, இப்ப குவாதலஹாராலருந்து மெக்சிகோ சிட்டி போற டோல் ரோடு 15டி எது வழியா போகுது? மிச்சோவாகான் வழியா! நான் அந்த லெவல் 4 மாநிலத்த இருபது தடவைக்கு மேல தூங்கிக்கிட்டே தாண்டிருக்கேன். அட்வைசரிய மேப்போட நிறுத்தாம உள்ள படிச்சீங்கன்னா அவங்க அரசாங்க ஊழியர்களுக்குப் போட்ட ரூல் இருக்கும், மிச்சோவாகான்ல அந்த 15டி ரோட்ல தாண்டிப் போகலாம்னு விதிவிலக்கே குடுத்துருக்காங்க. அதே மாதிரி இருட்டுனதுக்கு அப்புறம் ஊரு விட்டு ஊரு போகக்கூடாது, தெருவுல போற டாக்சிய கை காட்டி ஏறக்கூடாது, ஆப்லயோ ஸ்டாண்டுலயோதான் எடுக்கணும்னும் இருக்கும். எங்க வீட்டு ஓனரம்மா சொன்னதும் அதுவும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். மேப்ப விட்டுட்டு அந்த ஊழியர் ரூல மட்டும் படிங்க, நிஜமா வேலைக்கு ஆகுறது அதுதான்.

2022 ஆகஸ்ட் 9 நான் குவானஹுவாத்தோ மாநிலத்துல லெயோன் ஊரு பஸ் ஸ்டாண்டுல இருந்தேன். ஒரு நாள் ஆபீஸ் வேலை, சாயந்திரம் ஏழு மணி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து உக்காந்திருக்கேன், திடீர்னு எல்லார் போனும் ஒரே நேரத்துல அடிக்குது. ஹலிஸ்கோ கார்ட்டெல்ன்ற போதைக் கும்பல் ஆளுங்கள ஆர்மி பிடிக்கப் போயி, பதிலுக்கு குவாதலஹாரா இருக்குற ஹலிஸ்கோ மாநிலத்துலயும் குவானஹுவாத்தோலயும் வண்டிங்களயும் தெருவுக்குத் தெரு இருக்குற ஓக்ஸோ மளிகைக் கடைங்களயும் கொளுத்துறாங்கன்னு. நான் போக வேண்டிய பக்கம். கௌண்டர்ல இருந்த பொண்ணு மைக்ல அமைதியா சொன்னா, ரோடு க்ளியர்னு தகவல் வர்ற வரைக்கும் எந்த பஸ்ஸும் வெளிய போகாது, டிக்கெட்ட நாளைக்கு மாத்திக்கலாம், பணம் வேணும்னாலும் தர்றோம்னு. யாரும் கத்தல, சண்ட போடல. ஒரு பாட்டி பேரனுக்கு சேர்ல துணி விரிச்சுப் படுக்க வச்சாங்க, எனக்கும் ஒரு பிஸ்கட் பாக்கெட்ட நீட்டுனாங்க. அன்னிக்கு ராத்திரி பூரா அந்த ஸ்டாண்டுலயே இருந்துட்டு விடியக்காலைல பஸ் கெளம்புச்சு. நடுங்கிட்டுதான் இருந்தேன், அதுல சந்தேகமே இல்ல, ஆனா கார் வச்சிருந்தேன்னா கூகுள் மேப்ப நம்பி அந்த ரோட்ல இறங்கிருப்பேன். டிரைவருக்கும் கம்பெனிக்கும் ரோட்ல என்ன நடக்குதுன்னு உடனுக்குடனே தெரியுது, வேண்டாம்னா வண்டிய எடுக்க மாட்டாங்க, அதுக்குதான் நான் காசு குடுக்குறேன்.

இங்க இருக்குற வெளிநாட்டுக்காரங்ககிட்ட கேட்டா என்ன சொல்வாங்கன்னா, அது கேக்குற இடத்தப் பொறுத்தது. சப்பாலா ஏரிக்கரைல அஹிஹிக்னு ஒரு ஊரு, அமெரிக்கா கனடா ரிட்டையர்டு ஆளுங்க நிறைய பேர் செட்டில் ஆன இடம், குவாதலஹாராலருந்து பஸ்ல ஒரு மணி நேரம். அங்க ஒரு டெக்சாஸ் தாத்தா, பன்னெண்டு வருஷமா இருக்காரு, நியூஸ் எல்லாம் குப்பை, எனக்கு ஒரு தடவ கூட ஒண்ணும் ஆகல, இது சொர்க்கம்னு அடிச்சு சொல்றாரு. என் டீம்ல இருக்குற அர்ஜென்டினா பொண்ணு பைக்குள்ள ரெண்டு போன் வச்சிருக்கா, திருடன் கேட்டா குடுக்குறதுக்குப் பழசு ஒண்ணு. புதுசா வர்ற நம்ம பசங்க முதல் மூணு மாசம் அபார்ட்மெண்ட விட்டு வெளிய வரமாட்டாங்க, நாலாவது மாசம் அப்படியே தலகீழா மாறி ராத்திரி ரெண்டு மணிக்கு ரோட்ல போன ஆட்டிக்கிட்டு நடப்பாங்க. எனக்கு அந்த டெக்சாஸ் தாத்தா பேச்சும் நியூஸ் சேனலும் ஒரே அளவுக்குதான் உதவும். 'எனக்கு ஒண்ணும் ஆகல'ன்றது ஒரு ஆளோட கதை. அவரு சொந்த வீட்லருந்து ஏரிக்கும் ரெஸ்டாரண்டுக்கும் போயிட்டு வர்றவரு, நைட் ஷிப்ட் முடிச்சு மினி பஸ்ல போற அவரு வீட்டு வேலைக்கார அம்மாகிட்ட கேட்டா வேற பதில் வரும். இந்த நாட்டு புள்ளியியல் துறை இனெகி மூணு மாசத்துக்கு ஒரு தடவ நகரங்கள்ல சர்வே எடுக்குறாங்க, எந்த இடத்துல பயமா இருக்குன்னு, அதுல எப்பவும் மேல வர்றது தெருவுல இருக்குற ஏடிஎம்மும் டவுன் பஸ்ஸும்தான். ஊரு விட்டு ஊரு போறத விட ஊருக்குள்ளதான் ஜனங்க அதிகமா பயப்படுறாங்க.

இத எழுதும்போது குவாதலஹாரா பஸ் ஸ்டாண்ட பத்தி சொல்லாம போனா மனசாட்சி விடாது. நுவேவா சென்ட்ரல்னு பேரு, குவாதலஹாராவ ஒட்டுன த்லாக்கெபாக்கேல இருக்கு, ஏழு தனித்தனி கட்டடம், 2020-ல திறந்த மெட்ரோ லைன் 3 வாசல்லயே கொண்டு விடும், சுத்தமா இருக்கும், காபி நல்லாருக்கும். டிக்கெட்ல எந்த மோடுலோ, அதாவது எந்தக் கட்டடம்னு பாத்துட்டுப் போங்க, தப்பான கட்டடத்துல இறங்குனா லக்கேஜோட நடக்கணும். இதே ஸ்டாண்டுலருந்துதான், செக்யூரிட்டி வேலை, நல்ல சம்பளம்னு சோஷியல் மீடியால வந்த பொய் விளம்பரத்த நம்பி வந்த இளவட்டப் பசங்க காணாம போயிருக்காங்க. 2025 மார்ச்ல த்யூச்சித்லான் பக்கத்துல ஒரு பண்ணைல, காணாம போனவங்கள தேடுற குடும்பங்களோட ஒரு குழு உள்ள போயி பாத்தப்போ நூத்துக்கணக்குல செருப்பு, துணி, பைங்க. இங்கருந்து ஒரு மணி நேர தூரம். நாடு பூரா பதிவான காணாம போனவங்க எண்ணிக்கை 2022 மே மாசமே 1 லட்சத்தத் தாண்டிருச்சு, ஹலிஸ்கோதான் அதுல முன் வரிசைல இருக்குற மாநிலம். எங்க தெருவுல கரண்ட் கம்பத்துல எல்லாம் அந்தப் பசங்க போட்டோ ஒட்டிருக்கும், மழைல கிழிஞ்சா அம்மாக்காரங்க வந்து புதுசு ஒட்டுவாங்க. எனக்கு இந்த பஸ் பாதுகாப்பா இருக்கு, உண்மை. அதே ஸ்டாண்டுல ஒரு பத்தொம்பது வயசுப் பையனுக்கு அது பாதுகாப்பா இல்லாம போச்சு, அதுவும் உண்மை. மெக்சிகோ சேப்புன்னு யாராவது ஒரே வார்த்தைல சொன்னா எனக்கு அந்தப் போட்டோங்கதான் ஞாபகம் வருது, அதனால நான் அப்படி சொல்றதில்ல. நம்மள மாதிரி ஆபீஸ் விசால வந்து, டோல் ரோட்ல, பகல்ல போறவங்களுக்கு ஆபத்து குறைவு, அவ்வளவு மட்டும்தான் சொல்வேன்.

நம்ம ஆளுங்களுக்கு சில விஷயம். ரெசிடென்ட் கார்ட எப்பவும் கையோட வச்சுக்கோங்க, ஜெராக்ஸ் இல்ல, ஒரிஜினல். தெக்க சியாபாஸ் பக்கம் போனீங்கன்னா இமிக்ரேஷன் ஆளுங்க பஸ்ல ஏறி பாப்பாங்க, நம்ம கலருக்கும் மூஞ்சிக்கும் கண்டிப்பா நம்மகிட்ட வருவாங்க, என்கிட்ட ரெண்டு தடவ வந்தாங்க, கார்டக் காட்டினேன், தேங்க்ஸ் சொல்லிட்டுப் போயிட்டாங்க. தாலிச்செயின், வளையல் எதுவும் வெளிய தெரியவேண்டாம், பஸ்ல இல்லேன்னாலும் இறங்குன ஊர்ல மார்க்கெட்ல நெரிசல் இருக்கும், என் ப்ரெண்ட் ஒருத்தி மஞ்சக்கயிறோட சுத்துறா, செயின் பேங்க் லாக்கர்ல. காசு எடுக்கணும்னா பேங்க் உள்ள இருக்குற ஏடிஎம், இல்ல மால். இறங்குனதும் ஸ்டாண்டுக்கு உள்ளயே டாக்சி கௌண்டர் இருக்கும், ஏரியா சொல்லி முன்னாடியே காசு கட்டி சீட்டு வாங்கிட்டு வரிசைல நின்னா போதும், வெளிய வந்து 'டாக்சி டாக்சி'ன்னு கூப்பிடுறவன் பின்னாடி போகாதீங்க. எமர்ஜென்சிக்கு 911, டோல் ரோட்ல வண்டி நின்னா 074, டூரிஸ்ட் உதவிக்கு பச்ச வண்டில வர்ற ஆங்ஹெலெஸ் வெர்தெஸ் 078.

குறைன்னா இருக்கு. ஏசி. எந்த கம்பெனின்னு சொல்ல வேண்டாம், எல்லாத்துலயும் சொல்லி வச்ச மாதிரி ஐஸ் பொட்டிதான், டிரைவர்கிட்ட சொன்னா ரெண்டு நிமிஷம் குறைப்பாரு, திரும்ப ஏத்திருவாரு. வெஜிடேரியன்னா ஏறும்போது குடுக்குற சாண்ட்விச்ல ஹாம் இருக்கும், பாத்து வாங்குங்க, நான் வீட்லருந்தே லெமன் சாதம் கட்டிருவேன். ஒரு தடவ ஒரு கம்பெனில ஆன்லைன்ல பே பண்ணி டிக்கெட் வரல, காசு திரும்ப வர ஆறு வாரம் ஆச்சு, வெளிநாட்டு கார்டு எடுக்காதுன்றது அப்புறம்தான் தெரிஞ்சுது, அதுக்கப்புறம் ஓக்ஸோ கடைல போயி கேஷா கட்டிருவேன். நேரமும் அப்படித்தான், மெக்சிகோ சிட்டிக்குள்ள நுழையுற கடைசி ஒரு மணி நேரப் பயணமே ரெண்டு மணி நேரம் ஆகும், லாரிக்காரங்களோ விவசாயிங்களோ ரோட்ட மறிச்சா கணக்கே கிடையாது, அதனால ஏர்போர்ட்டுக்கு நேரா பஸ்ல போயி அன்னிக்கே ப்ளைட் பிடிக்கிற ப்ளான் போடாதீங்க.

இன்னொண்ணு, நைட் பஸ். நிறைய பேர் ஹோட்டல் காசு மிச்சம்னு நைட் பஸ்ல போறாங்க, நானும் முதல் வருஷம் போனேன், ஒண்ணும் ஆகல. ஆனா நிறுத்திட்டேன். கொள்ளைக்காரன் பயம் ஒரு பக்கம், எனக்கு அத விடப் பெரிய பயம் டிரைவர் தூக்கம், இருட்டுல லைட்டு இல்லாம நிக்கிற லாரி. இந்த பஸ்ஸுங்களுக்கு ஹைவேல 95 கிமீ தான் லிமிட், சில வண்டில ஸ்பீட நம்ம பாக்குற மாதிரி போர்டுல காட்டும், தாண்டுனா பீப் பீப்னு கத்தும், அந்த சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பகல்ல போனா ஜன்னல்ல கத்தாழை மாதிரி இருக்குற நீல அகாவே காடும் பாக்கலாம்.

மார்க் போடணும்னா சீட்டு வசதிக்கு 5-க்கு 5, ரோட்டுப் பாதுகாப்புக்கு பகல்ல 4, ராத்திரில 2, ஏசிக்கு 1.

வர்ற டிசம்பர்ல அப்பா அம்மா வர்றாங்க. டல்லாஸ்ல அண்ணன் வீட்டுக்கு எடுத்த அமெரிக்கா விசா இருக்கு, அது செல்லுபடியா இருந்தா மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம், இதுவும் நிறைய பேருக்குத் தெரியாது. மெக்சிகோ சிட்டிக்கு மூணு டிக்கெட் போட்டாச்சு, காலைல எட்டு மணி வண்டி, டோல் ரோடு, இருட்டுறதுக்குள்ள போய்ச் சேந்துரலாம். ஜோடி சீட்டு அவங்களுக்கு, ஒத்த சீட்டு எனக்கு. அம்மா இப்பவே கேக்குறாங்க, "ஏட்டி, அந்த லெவல் நாலு எப்ப வரும், வந்தா என்னைய எழுப்பு, நான் பாக்கணும்"னு. எழுப்புறேன்னு சொல்லிருக்கேன், ஸ்வெட்டர் மறக்காம எடுத்துட்டு வரவும் சொல்லிருக்கேன்.